வெள்ளைக் கல்லும் இட்லிப்பூச் செடியும்

வீட்டு முற்றத்தில் சிமென்ட் பூசாமல் வெள்ளைக் கல்லைப் பரப்பும் வழக்கம் ஊருக்கு ஊர் கூடிவருகிறது. மூட்டையாக வாங்குபவர்கள் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அது எந்தக் கல் என்று கேட்பவர் குறைவு. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதற்கு அரியலூர் அருகே உள்ள ரெட்டிபாளையம் நல்ல சாட்சி.

இங்குள்ள அல்ட்ராடெக் சிமென்ட் ஆலைக்கு உயிர்நாடி சுண்ணாம்புக்கல். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரம் கடலாக இருந்தது. தடித்த ஓட்டுச் சிப்பிகள் அதன் அடியில் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாயின. புவியியலாளர்கள் அந்தப் படிவத்துக்குப் பக்கத்து ஊரான கல்லங்குறிச்சியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். இதே வட்டாரத்துக் கருடமங்கலம் ஊரின் சிப்பிக்கல்லோ மெருகேறி, 'திருச்சி மார்பிள்' என்ற பெயரில் அலங்காரப் பொருளானது.

முற்றத்தில் பரப்பும் வெள்ளைக் கல்லில் இரண்டு முக்கிய வகை உண்டு: இதே சுண்ணாம்புக்கல், வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்). பார்வைக்கு ஏமாற்றும். கல்லைச் சுரண்டி, அந்தப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் குட்டு உடையும். சுண்ணாம்புக்கல் நுரைக்கும், அமிலம் பட்டுக் கரியமில வாயு வெளியேறுவதே அந்த நுரை. வெங்கச்சங்கல்லும் கிரானைட்டும் அசைந்து கொடுக்காது.

இந்த வேறுபாடு செடிக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் மழையில் மெல்லக் கரைந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. காரம் கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர்களால் அதை எடுக்க முடிவதில்லை. இட்லிப்பூச் செடியில் இது பளிச்சென்று தெரியும்: நரம்புகள் பச்சையாகவே இருக்க, இளம் இலைகள் மஞ்சளாகும். உரக்குறை என்று எண்ணி உரத்தைக் கொட்டினாலும் தீராது. ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இந்த மஞ்சளிப்பு எளிதில் வரும். அங்கே செடியடிக்கு வெங்கச்சங்கல்லோ கிரானைட் ஜல்லியோ நல்லது. சுண்ணாம்புக்கல் நடைபாதைக்குப் போகட்டும்.

வடிவமும் முக்கியம். கூழாங்கல் காலடியில் உருளும். உடைத்த ஜல்லியின் முனைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ரயில் தண்டவாளத்துக்கு உடைத்த கல் போடுவது இதனால்தான். கூழாங்கல்லுக்கு ஏற்ற இடம் தாழ்வாரத்து நீர் விழும் வரிசை. மழைத்தாரையின் வேகத்தை அது வாங்கிக்கொள்வதால் மண்ணில் குழி விழாது.

கல்லுக்கு அடியில் பிளாஸ்டிக் விரித்தால் மழைநீர் தேங்கும். நீர் இறங்கும் துணி விரித்து, மேலே இரண்டு அங்குலக் கனத்தில் கல் பரப்பினால் களையும் குறையும், ஈரமும் தங்கும்.

பரப்பும்போது ஜல்லியில் ஒரு சிப்பியின் வளைவு தென்பட்டால் தனியே எடுத்து வையுங்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போனால், அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்பது விளங்கும்.