தெருவில்லாத ஊர்

அந்த ஊரில் தெரு கிடையாது. வீடுகளுக்கு வாசலும் கிடையாது. ஒரு வீட்டுச் சுவரை ஒட்டியே அடுத்த வீட்டுச் சுவர் எழும்பியிருக்கும். அண்டை வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஏணியில் தன் வீட்டுக் கூரைக்கு ஏறி, மற்றவர் கூரைகளின் மேல் நடந்து, அந்த வீட்டுக் கூரையிலுள்ள திறப்பு வழியாக இன்னோர் ஏணியில் இறங்க வேண்டும். ஏணிக்குக் கீழேதான் அடுப்பு. விருந்தாளி வருவதும் சமையல் புகை போவதும் ஒரே வழி.

துருக்கியில் கோன்யா சமவெளியிலுள்ள சாட்டால்ஹோயுக் என்ற மேடுதான் அந்த ஊர். கி.மு. 7100 வாக்கில் குடியேறியவர்களின் சந்ததி அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல், கி.மு. 5950 வரை, வாழ்ந்தது. கோதுமை, பார்லி, பட்டாணி பயிரிட்டார்கள். செம்மறியும் வெள்ளாடும் வளர்த்தார்கள். கத்திக்கும் அம்பு முனைக்கும் வேண்டிய எரிமலைக் கண்ணாடிக் கல்லைக் கிழக்கே கப்படோசியா மலைகளிலிருந்து வரவழைத்தார்கள். எழுத்து இல்லை. சக்கரம் இல்லை. அரண்மனை, கோட்டை, பொதுக் களஞ்சியம் எதுவும் அகப்படவில்லை. கல்வெட்டோ நாணயமோ கிடைத்தால் ஒரு தலைவனின் பெயராவது தேறும். இங்கே வாழ்ந்து மடிந்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஆனாலும் இந்த ஊரில் யாரோடு யார் சேர்ந்து வாழ்ந்தார்கள், ஆணும் பெண்ணும் சமமாகச் சாப்பிட்டார்களா, அண்டை வீட்டாரோடு அடிதடி உண்டா என்பதைப் பற்றியெல்லாம் இன்று ஆதாரத்தோடு பேச முடிகிறது. அந்த ஆதாரங்களில் முக்கால்வாசி, அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைக்கத் தகுதியில்லாத பொருள்கள்: சுவர்ப்பூச்சு, குப்பை, பல், மலம்.

தொடக்கத்தில் யாரும் அவற்றைத் தேடவில்லை. 1958 நவம்பரில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜேம்ஸ் மெல்லார்ட் இந்த மேட்டைக் கண்டுபிடித்தார். 1961 முதல் 1965 வரை நான்கு பருவங்கள் தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை வெளிக்கொண்டு வந்தார். அசுர வேகம்தான். சுவர்களில் ஓவியங்கள், மண்ணில் பதித்த காளைக் கொம்புகள், எதிரெதிரே நிற்கும் சிறுத்தைகளின் புடைப்புருவங்கள் என்று உலகத்தை வாய்பிளக்க வைத்தார். எல்லாவற்றையும் விடப் புகழ்பெற்றது, தானியத் தொட்டி ஒன்றில் கிடைத்த சுடுமண் உருவம். பருத்த உடலுள்ள பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். இரு பக்கமும் இரண்டு பெரும்பூனைகள். அவற்றின் தலைமேல் அவள் கைகள். மெல்லார்ட் அவளைத் தாய்த்தெய்வம் என்றார், அலங்காரம் மிகுந்த வீடுகளைக் கோயில்கள் என்றார். பெண்கள் ஆண்ட பொற்காலம் ஒன்று இருந்தது என்று நம்ப விரும்பியவர்களுக்குச் சாட்டால்ஹோயுக் புனிதத் தலமாகவே ஆயிற்று. அந்த உருவம் இன்று அங்காரா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் தலை பழையதல்ல. உடைந்துபோன தலைக்குப் பதிலாக நம் காலத்தில் செய்து வைத்தது.

ஓர் உருவத்தை வைத்து ஒரு சமூகத்தையே கட்டி எழுப்பியதில்தான் கோளாறு. பின்னால் வந்தவர்கள் எல்லா உருவங்களையும் எண்ணிப் பார்த்தார்கள். சுமார் இரண்டாயிரம் உருவங்களில் பெண் என்று தெளிவாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. பெரும்பாலானவை விரலளவு ஆடுமாடுகள். அவசரமாகப் பிசைந்து, வேலை முடிந்ததும் குப்பையில் எறிந்தவை. கும்பிட்ட சாமியை யார் குப்பையில் போடுவார்கள்? கோயில் என்று சொன்ன அறைகளிலும் அடுப்பு, தானியத் தொட்டி, அரைத்த தடம் எல்லாம் இருந்தன. அவையும் சோறு பொங்கிய வீடுகள்தான். மெல்லார்டின் கற்பனை அத்துடன் நிற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2012இல் அவர் இறந்த பிறகு, பழங்கால ஆவணங்கள் என்று அவர் காட்டிவந்த சிலவற்றை அவரே புனைந்ததற்கான தாள்கள் அவருடைய வீட்டில் கிடைத்ததாக 2018இல் ஆய்வாளர் எபர்ஹார்ட் சாங்கர் அறிவித்தார். ஊரைக் கண்டுபிடித்த பெருமை மெல்லார்டுடையது. அந்த ஊரைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

1993இல் இயன் ஹாடர் தலைமையில் இரண்டாம் சுற்று தொடங்கி, 25 ஆண்டுகள் நடந்தது. இந்தக் குழுவின் வேகம் நேர்மாறு. ஒரே வீட்டை ஆண்டுக்கணக்கில் தோண்டினார்கள். எடுத்த மண்ணை நீரில் அலசி, மிதந்த கருகிய விதைகளையும் அடியில் தங்கிய மீன் முள்ளையும் எலிப் பல்லையும் பொறுக்கினார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

சுவர்ப்பூச்சையே எடுத்துக்கொள்வோம். நம் கிராமத்துப் பெண்கள் சாணி மெழுகியதுபோல, இந்த ஊர்க்காரர்கள் வீட்டுச் சுவரையும் தரையையும் திரும்பத் திரும்ப வெண்ணிறச் சுண்ணக் களிமண்ணால் பூசினார்கள். வெண்டி மேத்யூஸ் என்ற ஆய்வாளர் பூச்சைச் செங்கல் துண்டுபோல வெட்டியெடுத்து, பிசின் ஊட்டி இறுக்கி, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்த்தார். வெள்ளைக் கோடு, அதன்மேல் கரிக்கோடு, மறுபடி வெள்ளை. கரிக்கோடு என்பது அடுப்புப் புகை படிந்த காலம். வெள்ளை, வீட்டைப் புதுப்பித்த நாள். ஆண்டுக்கொரு தடித்த பூச்சு, இடையிடையே மெல்லிய பூச்சு. சில சுவர்களில் இப்படி நானூறுக்கும் மேற்பட்ட அடுக்குகள். கூரைத் திறப்பு ஒன்றே போக்கான அந்த அறைகளில் எவ்வளவு புகை மண்டியிருக்கும் என்பதை இந்தக் கோடுகள் காட்டுகின்றன. முதியவர்களின் விலா எலும்புகளின் உட்பக்கத்திலும் அதே கரி படிந்திருந்தது. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அடுப்படியில் பெண் மட்டும் வெந்துகொண்டிருக்க ஆண் வெளியே திரிந்தான் என்று இங்கே சொல்ல முடியாது.

எழுபது, எண்பது ஆண்டுகள் ஆனதும் வீட்டைக் காலிசெய்வார்கள். தரையைக் கூட்டி, கூரையைப் பிரித்து, தூண்களை உருவி, சுவரைப் பாதி உயரத்துக்கு இடித்து, உள்ளே மண் நிரப்புவார்கள். அந்தப் பழைய சுவர்களின் மேலேயே புதுச் சுவர் வைப்பார்கள். அடுப்பும் பெரும்பாலும் பழைய பக்கத்திலேயே வரும். இப்படி வீட்டின்மேல் வீடு ஏறி, சமவெளியில் 20 மீட்டர் உயர மேடு உருவாயிற்று.

இறந்தவர்களும் வீட்டிலேயே இருந்தார்கள். படுத்து உறங்கிய திண்ணையின் பூச்சை வெட்டி, குழி தோண்டி, உடலை முழங்கால் மடித்து உள்ளே வைத்து மூடி, மேலே பூசிவிடுவார்கள். மறுபடி அதே திண்ணையில் வாழ்க்கை நடக்கும். ஒரே வீட்டின் தரைக்கடியில் 60க்கும் மேற்பட்டவர்கள் கிடைத்ததுண்டு. சில காலம் கழித்து குழியைத் திறந்து மண்டையோட்டை மட்டும் எடுப்பதும் வழக்கம். 2004இல் தோண்டிய ஒரு குழியில் பெண்ணின் எலும்புக்கூடு ஒன்று, இன்னொருவரின் மண்டையோட்டை மார்போடு அணைத்தபடி கிடந்தது. அந்த மண்டையோட்டுக்குச் சுண்ணத்தால் மூக்கு, முகம் எல்லாம் வைத்து, செந்நிறம் தீட்டியிருந்தார்கள். ஒரு முறையல்ல, பல முறை. புதைபடுவதற்கு முன் அது பலகாலம் யாரோ ஒருவர் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும்.

ஒரே திண்ணைக்கடியில் புதைந்தவர்கள் ஒரே குடும்பம் என்றுதானே நினைப்போம்? எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2011இல் மரின் பிலவுடும் கிளார்க் ஸ்பென்சர் லார்சனும் 266 பேரின் பற்களை அளந்தார்கள். பல்லின் வடிவமும் அளவும் பெரிதும் மரபுவழி வருவதால், ஒரே வீட்டார் பற்கள் ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகவில்லை. ஒரு வீட்டுக்குள் இருந்த ஒற்றுமை, ஊர் முழுக்க இருந்த ஒற்றுமையை விட அதிகமில்லை. இரத்த உறவு என்ற அடிப்படையிலேயே இந்த வீடுகள் அமையவில்லையோ என்ற ஐயம் எழுந்தது.

அடுத்து மரபணு வந்தது. காதுக்குள் இருக்கும் கெட்டியான எலும்பில் பழைய டி.என்.ஏ. ஓரளவு தாக்குப்பிடிக்கும். அதிலிருந்து 131 பேரின் மரபணுத் தொகுதிகளைப் பிரித்தெடுத்த ஆய்வு 2025இல் சயன்ஸ் இதழில் வெளியானது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வரும். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். ஒரு வீட்டில் புதைந்தவர்களுக்குள் தாய்வழிக் குறி ஒத்துப்போகிறது, தந்தைவழிக் குறி சிதறிக் கிடக்கிறது என்றால் என்ன பொருள்? மகள்கள் பிறந்த வீட்டோடு பிணைந்திருந்தார்கள், ஆண்கள் வேறிடத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்பது இங்கே விதிவிலக்கல்ல, ஊர் வழக்கமாகவே இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் கணக்குப்படி மகள்களில் 70 முதல் 100 சதவீதம் பேர் அப்படி வீட்டோடு தங்கியவர்கள். சிறுமிகளின் குழியில் வைத்த பொருள்கள் சிறுவர்களுக்கு வைத்ததைப் போல ஐந்து மடங்கு.

தொடக்க காலத்தில்தான் ஒரு வீட்டுக்குள் நெருங்கிய உறவு மிகுதி. நூற்றாண்டுகள் போகப்போக, ஒரே தரைக்கடியில் உறவில்லாதவர்கள் கூடுகிறார்கள். பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டு வளர்க்கும் வழக்கம் வந்ததோ என்று ஊகிக்கிறார்கள். பல் ஆய்வு கண்ட குழப்பத்துக்கும் ஓரளவு விளக்கம் கிடைக்கிறது. ஒரு வீட்டில் புதைந்தவர் அந்த வீட்டில்தான் வாழ்ந்தாரா என்பது மட்டும் இன்னும் அனுமானம்தான்.

சரி, தாய்த்தெய்வம் திரும்பி வந்துவிட்டாளா? பத்திரிகைத் தலைப்புகள் அப்படித்தான் ஆசைப்பட்டன. தாய்வழியில் வீடு தொடர்வதும் பெண்கள் ஊரை ஆள்வதும் ஒன்றல்ல என்பதை நமக்குப் புரியவைக்க வேண்டியதில்லை. எலும்பிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் எவ்வளவு இறைச்சி, எவ்வகைத் தானியம் தின்றார் என்று கணிக்கலாம். சாட்டால்ஹோயுக்கில் ஆண் பெண் உணவில் சொல்லத்தக்க வேறுபாடில்லை. வீடுகளின் அளவிலும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. யாரும் யாரையும் மிஞ்சவிடாத ஊர் என்று சொல்வதுதான் ஆதாரத்துக்கு நெருக்கம்.

அதற்காக அது சொர்க்கமுமல்ல. வீடுகளுக்கு இடையே விட்ட பொட்டலெல்லாம் குப்பைமேடு, கழிப்பிடமும் அதுவே. கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அங்கே கெட்டிப்பட்டுக் கிடந்த மலத்தைச் சோதித்தது. நாயினுடையதா மனிதனுடையதா என்பதை அதிலுள்ள ஸ்டெரால், பித்த அமிலங்களை வைத்துப் பிரித்தறிந்தார்கள். மனித மலத்தில் சாட்டைப்புழு முட்டை இருந்தது. வயலிலிருந்து சோறு வந்தது, சோற்றோடு பற்சொத்தையும் வந்தது: வளர்ந்தவர்களின் பற்களில் 10 முதல் 13 சதவீதம் சொத்தை.

லார்சன் குழு 2019இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆராய்ந்த 93 மண்டையோடுகளில் 25இல் ஆறிய முறிவுகள். அவர்களில் 12 பேர் ஒருமுறைக்கு மேல் அடிபட்டவர்கள். ஆண்களை விடப் பெண்கள் சற்று அதிகம். காயங்கள் பெரும்பாலும் உச்சியிலும் பின்மண்டையிலும். அடித்தவனை முகத்துக்கு நேரே பார்க்காதபோது விழுந்த அடி. வட்டமான அந்த முறிவுகளின் அளவு, அந்த ஊரில் ஏராளமாகக் கிடைக்கும் சுட்ட களிமண் உருண்டைகளின் அளவோடு ஒத்துப்போகிறது. கொல்லும் நோக்கமில்லை, தட்டி அடக்கும் நோக்கம் என்று நினைக்கத் தோன்றுகிறது. மன்னனும் காவலனும் இல்லாத நெரிசலான ஊரில் சமத்துவம் தானாக நிலைத்திருக்காது. இந்த உருண்டைகளுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நெரிசல் என்றால் எத்தனை பேர்? மூவாயிரத்து ஐந்நூறிலிருந்து எட்டாயிரம் வரை என்றுதான் நெடுங்காலம் புத்தகங்கள் எழுதிவந்தன. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் ஆள் குடியிருந்ததாக எடுத்துக்கொண்டால்தான் அந்த எண் வரும். 2024இல் வெளியான மறுகணக்கு 600 முதல் 800 பேர்தான் என்கிறது. உலகின் முதல் நகரம் என்ற பட்டத்தை இனி எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். அங்கே கிடைத்த துணி விஷயத்திலும் இதே கதை. கம்பளியா, ஆளிநாரா என்று அறுபது ஆண்டுகள் வாதாடினார்கள். 2021இல் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது கருவாலி மரப்பட்டையின் நார்.

இந்தத் திருத்தங்களெல்லாம் நடந்ததற்குக் காரணம், எடுத்த எலும்பையும் மண்ணையும் குழுவினர் பத்திரப்படுத்தியதும், மேட்டின் பெரும்பகுதியைத் தொடாமல் விட்டதும். தொல்லியல் தோண்டத் தோண்ட அழிக்கும் வேலை. கீழ் வீட்டைப் பார்க்க மேல் வீட்டை எடுத்தாக வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. மெல்லார்ட் தோண்டிய நாளில் பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் வித்தையை யாரும் கனவிலும் நினைத்ததில்லை. 2012 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் இந்த மேட்டில் அகழாய்வு தொடர்கிறது. இதுவரை தோண்டியது ஏறத்தாழ ஐந்து சதவீதம்தான்.