கைக்குழந்தைக்கு மூளையில ஆபரேஷனா? எப்போது தேவை, ஏன் தள்ளிப்போடக் கூடாது?

தூங்கி எழுந்ததும் குழந்தை தலையை முன்னால் சாய்த்து, கைகளை விரித்து, திடுக்கென்று உலுக்குகிறது. சில நொடிகளில் மறுபடியும் அதே மாதிரி. 'பயந்திருக்கும்', 'உரம் விழுந்திருக்கும்' என்பார்கள் வீட்டில். ஆனால், அது கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். உடனே மொபைலில் வீடியோ எடுத்து, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து கேட்கலைன்னா?

பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு மருந்திலேயே அடங்கிவிடும். சரியான 2 மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால், அது 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு'. வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்த நிலைதான். 3-வது, 4-வது மருந்து கைகொடுக்கும் வாய்ப்பு குறைவு.

என்ன செய்வார்கள்?

வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று எம்.ஆர்.ஐ., வீடியோ இ.இ.ஜி. மூலம் தேடுவார்கள். ஒரே இடம் என்றால், அதை மட்டும் அகற்றலாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே மூளையின் ஒரு பாதி தாறுமாறாகப் பெருத்திருக்கும். அப்போது அந்தப் பாதிக்கும் மற்ற பாதிக்கும் உள்ள இணைப்பைத் துண்டிப்பார்கள். இதற்கு 'ஹெமிஸ்பெரோட்டமி' என்று பெயர். ஒரு ரூமில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் அந்த லைனை மட்டும் கட் பண்ணுவோமே, அதுபோலத்தான்.

பாதி மூளையோட எப்படி வாழும்?

குழந்தையின் மூளை ஈரக் களிமண் மாதிரி. ஒரு பாதியின் வேலைகளில் பலவற்றை மறுபாதி கற்றுக்கொள்ளும். வயது ஏற ஏற அந்தத் திறன் குறையும். இதில் இழப்பும் உண்டு. எதிர்ப்பக்கக் கையால் நுணுக்கமான விரல் வேலைகள் செய்ய முடியாது. இரு கண்களிலும் ஒரு பக்கப் பார்வை மறையும். ஆனாலும், பெரும்பாலான குழந்தைகள் நடக்கிறார்கள். பலருக்கு வலிப்பு முழுமையாக நிற்கிறது.

'கொஞ்சம் வளரட்டுமே!'

இந்தப் பயம் நியாயமானதுதான். 6 கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் அரை லிட்டர். கொஞ்சம் ரத்தம் போனாலே ஆபத்து. அதனால், அனுபவமுள்ள மையத்தில்தான் செய்ய வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் வலிப்புக்கான அறுவை சிகிச்சை 1995 முதலே நடந்துவருகிறது.

ஆனால், காத்திருப்பதும் இலவசமில்லை. ஓயாமல் வரும் வலிப்பு, நன்றாக இருக்கும் பாதியின் வளர்ச்சியையும் கெடுக்கும்.

2-வது மருந்தும் பலிக்கவில்லையா? அடுத்த முறை டாக்டரிடம், 'ஆபரேஷன் பொருந்துமான்னு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா டாக்டர்?' என்று கேளுங்கள். டெஸ்ட் எடுத்துவிட்டாலே ஆபரேஷனுக்குச் சம்மதித்ததாக அர்த்தமில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பதுதான் முக்கியம்!