மடை மாற்றப் போனவன்: ஏ.டி.எச்.டி-யும் செயல்நினைவும்

அவலூர்பேட்டை பக்கம் எங்கள் கழனியில் மல்லாட்டை போட்டிருந்த வருஷம் அது. "பாத்தி நெறஞ்சதும் மடைய மாத்திட்டு, கொட்டாயில இருக்கிற களைக்கொத்த எடுத்துக்கினு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாடா" என்றார் அப்பா. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாத்தி குளமாக நிற்கிறது. "சொன்னா காதுல வாங்கறதே இல்ல, திமிரு." அப்போது எனக்கு 11 வயது. காதில் வாங்கித்தான் இருந்தேன். அந்த இடத்திலேயே திருப்பிக் கேட்டிருந்தால் மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருப்பேன்.

32 வயதில் ஒரு மனநல மருத்துவர் எனக்கு ஏ.டி.எச்.டி இருப்பதாகச் சொன்னபோது முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பாத்திதான். இப்போது என் அக்கா பையனைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் அதே 'திமிரு' என்ற வார்த்தையைச் சொல்கிறார்களாம். அதனால்தான் இந்தக் குறிப்பு.

அமாவாசை அன்று மேல்மலையனூர் போகிற பஸ்ஸில் கண்டக்டரைக் கவனித்திருக்கிறீர்களா? "மலையனூர் மூணு, ஒரு அரை" என்று ஒருவர் பின்னாலிருந்து கத்துவார். அதைக் காதில் வைத்துக்கொண்டே முன்னால் இருப்பவருக்குச் சில்லறை எண்ணி, கணக்கையும் போட வேண்டும். ஒரு விஷயத்தைச் சில நொடி பிடித்து வைத்துக்கொண்டே அதன்மேல் இன்னொரு வேலை செய்வது. ஆங்கிலத்தில் ஒர்க்கிங் மெமரி என்கிறார்கள். செயல்நினைவு என்று வைத்துக்கொள்வோம். 1974-இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் இருவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். கேட்டதைப் பிடிக்க ஒரு பகுதி, பார்த்ததைப் பிடிக்க ஒரு பகுதி, இரண்டையும் மேய்க்க ஒரு நிர்வாகி. 7-2-9-4 என்று சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வது வெறும் பிடிப்பு. 4-9-2-7 என்று தலைகீழாகச் சொல்ல நிர்வாகி வேண்டும்.

ஏ.டி.எச்.டி உள்ளவர்களில் பலருக்கு (எல்லோருக்கும் அல்ல) இந்த நிர்வாகிதான் தடுமாறுகிறார். ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும்: பழைய நினைவுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. எனக்குப் பத்து வயதில் பார்த்த படத்தின் வசனம் தெரியும். அடுப்பில் பால் வைத்தது தெரியாது. 2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதை விடக் கண்ணால் பார்த்த இடங்களை மனதில் நிறுத்துவதில்தான் குறைபாடு பெரிதாகத் தெரிந்தது. கரும்பலகையைப் பார்த்து, குனிந்து, நோட்டில் எழுதி, மறுபடி நிமிர்ந்தால் விட்ட இடம் எது என்று தேடுகிற பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு எடத்துல உக்கார மாட்டான்" என்ற புகாரும் இதோடு சேர்ந்ததுதான். 2009-இல் மார்க் ராப்போர்ட் குழுவினர் 8 முதல் 12 வயதுப் பையன்களின் கை கால்களில் அசைவு அளக்கும் கருவி கட்டிப் பார்த்தார்கள். செயல்நினைவுக்கு வேலை கொடுத்தபோது எல்லாப் பையன்களுமே அதிகம் அசைந்தார்கள், ஏ.டி.எச்.டி உள்ளவர்கள் இன்னும் அதிகமாக. விழித்திருக்க மூளை செய்கிற முயற்சியாக அந்த ஆட்டம் இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. "ஆடாம உக்காந்து யோசி" என்பது அந்தப் பையனுக்கு எவ்வளவு உதவும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

பயிற்சி செய்தால் சரியாகாதா? நம் ஊரில் இந்தக் கேள்வி வந்தாலே சதாவதானி செய்குத்தம்பி பாவலரைச் சொல்வார்கள். 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் ஒரே அமர்வில் நூறு விஷயங்களைக் கவனித்தவர். ஆனால் 1980-இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவருக்கு 200 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தந்தார்கள். ஏழு இலக்கத்தில் தொடங்கியவர் 79 இலக்கம் வரை போனார். இலக்கங்களை ஓட்டப்பந்தய நேரங்களாக மாற்றி அடுக்கிக்கொண்டார், அதுதான் சூட்சுமம். எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறுதான்! ஒன்றில் பழகியது இன்னொன்றுக்குப் போகவில்லை. செயல்நினைவை வளர்ப்பதாக விற்கும் கணினி விளையாட்டுகளுக்கும் இதே கதைதான். 2013-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, விளையாட்டில் வந்த முன்னேற்றம் படிப்புக்கோ கணக்குக்கோ போய்ச் சேரவில்லை என்றது. காசைக் கொட்டும் முன் யோசியுங்கள். டாக்டர் எழுதித் தருகிற மருந்து வேறு விஷயம், அது பலருக்குக் கவனத்தில் உதவுகிறது, எனக்கும்.

மீதி எல்லாம் தலைக்கு வெளியே வைப்பதுதான். நல்ல ஞாபகம் உள்ள கண்டக்டரே மீதிச் சில்லறையை டிக்கெட்டின் பின்னால் கிறுக்கித் தருகிறார், அவரை யாரும் பொறுப்பில்லாதவர் என்பதில்லை. என் ஆயா முந்தானையில் முடிச்சு போடுவாள். அதையே நான் துண்டில் செய்து பார்த்தேன். ஒரு வாரத்தில் முடிச்சு இருக்கிறது, எதுக்குன்னுதான் தெரியவில்லை. இப்போது முடிச்சு மோட்டாருக்கு மட்டும். மோட்டார் போட்டால் முடிச்சு, நிறுத்தினால் அவிழ்ப்பு, வேறு எதற்கும் துண்டைத் தொடுவதில்லை.

அக்கா பையனைக் கடைக்கு அனுப்பும்போது ஒரே சாமான்தான் சொல்கிறோம். ரெண்டு என்றால் அவன் கையாலேயே சீட்டில் எழுதி எடுத்துப்போகிறான். டீச்சரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கணக்கைப் பலகையில் எழுதாமல் தாளில் எழுதி அவன் மேசையில் வைக்க முடியுமா? "பாக்கலாம்" என்றிருக்கிறார்.