முத்துக்குளித்துறையில் இத்தாலிய விருந்து

மக்ரோனி என்பது பட்டணத்து இத்தாலிய உணவு விடுதிகளில் சீமைச் சீப்பாலாடைக்கட்டியோடு பரிமாறப்படும் பண்டம். மக்ரூன் என்பது தூத்துக்குடிப் பலகாரம். ஒன்று கோதுமைக் குழல். மற்றது முந்திரி இனிப்பு. ஆனால், பெயரில் இரண்டும் உடன்பிறப்புகள்! பழைய இத்தாலியச் சொல்லாகிய 'மக்கரோனே' என்பதே இரண்டுக்கும் தாய்.

தூத்துக்குடிக் கரைக்கும் இத்தாலிய நாட்டுக்கும் உள்ள சாப்பாட்டு உறவு நேற்று ஏற்பட்டதல்ல. அதற்கு வயது எழுநூறுக்கு மேல்.

பந்தியைப் பார்த்தவர்

வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ 1290-களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் வருணித்த அவர், நம்மவர் உண்ணும் முறையையும் கவனித்தார். வலக்கையால்தான் உண்பார்கள், ஆளுக்கொரு குடிகலம் உண்டு, கலத்தை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார்கள் என்று தம் நூலில் சொல்லி வைத்தார். நமக்குச் சாதாரணமான பழக்கம், அந்த இத்தாலியருக்கு ஊருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தியாக இருந்தது.

சீனாவிலிருந்து சேமியா வகைகளை இத்தாலிக்குக் கொண்டு போனவர் இவரே என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறுங்கதை. அவர் நாடு திரும்பியது 1295-இல். சிசிலித் தீவில் மாவை இழைகளாக்கி ஏற்றுமதி செய்ததை 1154-லேயே அரபு அறிஞர் அல் இத்ரீசி எழுதிவிட்டார்.

பந்தியில் அமர்ந்தவர்

அடுத்து வந்தவர் பார்த்ததோடு நிற்கவில்லை. பிரபு குலத்தில் பிறந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தங்கித் தமிழ் கற்றுக்கொண்டு, 1606-இல் மதுரை சென்றார். காவி உடுத்தினார். மாமிசத்தை விட்டார். சோறும் காய்கறியும் பாலுமாக ஒரு வேளை உணவோடு வாழ்ந்தார். இலையில் என்ன விழுகிறது என்பதை வைத்தே மனிதரை மதிப்பிடும் ஊரில், அந்த இலையை ஏற்றுக்கொண்டால்தான் தம் பேச்சுக்குக் காது கிடைக்கும் என்பது அவர் கண்ட வழி.

உடன் ஊழியம் செய்தவர்களிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு ரோமாபுரி வரை போயிற்று. 1623-இல் போப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றை மதம் மாறியவர்கள் நிபந்தனையோடு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். சாதி வேற்றுமைக்கு அது இடங்கொடுத்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

இலைக்கு வந்த இனிப்பு

மக்ரூன் போர்த்துக்கீசியர் தந்தது என்பது ஊரார் சொல்லும் கதை. 1658-இல் டச்சுக்காரர் கைப்பற்றும் வரை தூத்துக்குடியில் அவர்கள் ஆதிக்கம் இருந்தது உண்மையே. ஆனால், போர்த்துக்கீசிய மொழியில் 'மக்கர்ரோன்' போன்று ஒலிக்கும் சொல் மாவுப் பண்டத்தையே குறிக்கும். மக்ரூன் என்ற உருவம் ஆங்கிலத்தில் வழங்குவது. இத்தாலியில் பிறந்த சொல் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாக நம் கரைக்கு வந்திருக்கிறது.

செய்முறையிலும் இத்தாலிய ஜாடை தெரியும். அங்கே 'அமரெத்தி' என்ற இனிப்புக்கு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, வாதுமை ஆகிய மூன்றே சரக்கு. இங்கே வாதுமையின் இடத்தை முந்திரி பிடித்துக்கொண்டது. அந்த முந்திரியும் அசல் ஊர்க்காரன் அல்ல. பிரேசில் நாட்டு மரம். பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கீசியர். ஆகவே ஊரார் கதையிலும் பாதி உண்மை உண்டு!

வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, முந்திரித் தூளைப் பக்குவமாகக் கலக்க வேண்டும். மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது. அதிகம் கலக்கினால் நுரை அடங்கிவிடும். கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்து ஈரத்தை உலர்த்த வேண்டும். சூடு மிஞ்சினால் வெண்மை போய்விடும். குறைந்தால் உள்ளே பிசுபிசுக்கும்.

கடற்காற்றும் அதற்குப் பகை. காற்றில் உள்ள ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும், மொறுமொறுப்பு போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதே ஒரே வழி. உப்புக்காற்று வீசும் ஊரிலேயே இந்தப் பலகாரம் பேர் வாங்கியிருப்பது அடுமனைக்காரர்களின் கைத்திறமைக்குச் சான்று.

தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ஆம் ஆண்டோடு முடிந்தது. இன்று அந்த ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் வாங்கி வரும் வெண்முத்து, வாயில் வைத்ததும் கரைந்துவிடுகிறது!