நள்ளிரவில் ஒரு தேநீர்ச் சோறு

கணவன் மனைவியரிடையே பிணக்கு மூண்டால் அதனைத் தணிப்பதற்கு வீட்டுக்கு வீடு ஒரு வழி உண்டு. சிலர் புதுச்சேலை வாங்கி வருவர். சிலர் மனைவியை நல்லதோர் உணவுச்சாலைக்கு அழைத்துச் செல்வர். யப்பானியத் திரைப்பட நெறியாளரான யசுஜிரோ ஓஸு, 1952ஆம் ஆண்டில் தாம் எடுத்த படமொன்றில், பிணங்கிய தம்பதியரை அவர்களுடைய சொந்த அடுக்களைக்கே நள்ளிரவில் அனுப்பிவைத்தார். ‘தேநீர்ச் சோற்றின் சுவை’ என்பது அப்படத்தின் பெயர்.

தேநீர்ச் சோறு என்றதும் நம்மவர் முகஞ்சுளிக்கக் கூடும். பாலும் சீனியும் கலந்த தேநீரையா சோற்றில் விடுவது என்று திகைக்க வேண்டாம். இங்கே கூறப்படுவது பாலும் சீனியும் சேராத பச்சைத் தேநீர். ஆறிய சோற்றின்மீது அதனைச் சுடச்சுட ஊற்றி, ஊறுகாய்த் துண்டையோ உப்பிட்ட புளிப்புப் பழத்தையோ தொட்டுக்கொண்டு உண்பர். ‘ஒச்சாஸுக்கே’ என்பது யப்பானியர் அதற்கு இட்ட பெயர். நமது பழஞ்சோற்றைப் போல அது வீட்டாருக்குரிய உணவு. கியோத்தோ நகரத்தில் வீட்டுக்காரர் விருந்தினரை நோக்கி, “தேநீர்ச் சோறு உண்கிறீர்களா?” என்று வினவினால், அது புறப்படும்படி நாசூக்காகச் சொல்வதாகும் என்று வேடிக்கையாகக் கூறுவதுமுண்டு.

படத்தின் நாயகன் மொகிச்சி, தோக்கியோவில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவன். நாகனோ என்னும் மலைநாட்டுப் பகுதியிலே பிறந்தவன். மனைவி தயேக்கோவோ நகரத்துச் செல்வக் குடும்பத்துப் பெண். பெரியோர் பேசி முடித்த திருமணம். பிள்ளைகள் இல்லை. அவள் பொய்க்காரணம் சொல்லித் தோழியருடன் வெந்நீரூற்று விடுதிக்குச் செல்கிறாள். அங்கே தடாகத்து மீனைக் காட்டித் தன் கணவனைப் போன்ற மந்தம் என்று நகைக்கிறாள். அவன் யாவும் அறிந்தும் அறியாதவன் போல் இருக்கிறான். அவனுக்கு மலிவான சிகரெட்டும் மூன்றாம் வகுப்பு ரெயிற் பயணமுமே பிடிக்கும். அவளுக்கு அவை இரண்டும் ஆகாதவை.

இவர்களுக்கிடையே இளையோர் இருவரும் உளர். தயேக்கோவின் மருமகள் முறையான பெண், பேசி முடிக்கும் திருமணமே வேண்டாம் என்று மறுப்பவள். அவளை ஓர் இளைஞன் சிறியதொரு நூடில்ஸ் கடைக்கு அழைத்துச் சென்று, இத்தகைய உணவு சுவையாக இருந்தால் மட்டும் போதாது, மலிவாகவும் இருக்க வேண்டும் என்று விளக்குகிறான். காசில்லாதவனின் தத்துவம் என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அவ்விருவரும் கிண்ணத்தைத் தூக்கி உண்ணும் அழகை, பெரியோரின் வீட்டில் நாம் அதுவரை காணவில்லை.

பிணக்கு முற்றுவது ஒரு கிண்ணச் சோற்றினால். ஒரு நாள் மொகிச்சி, ஊர் வழக்கப்படி, சோற்றின்மீது சூப்பை ஊற்றி ஓசையெழ உண்கிறான். தயேக்கோ சீறி எழுகிறாள். அவன் கோபிக்கவில்லை, பாசாங்கற்ற, எளிய பழக்கங்களே தனக்கு இதமானவை என்கிறான். அவளுக்கு அது ஆறுதலாகவில்லை. சொல்லாமல் ரெயிலேறிக் கோபேப் பக்கத்திலுள்ள தோழி வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவ்வேளையில் அலுவலகம் அவனை உருகுவே நாட்டுக்குச் செல்லும்படி பணிக்கிறது. தந்தி பறக்கிறது, அவள் வரவில்லை. ஹனெதா விமான நிலையத்தில் நண்பரும் உறவினரும் நிற்க, மனைவி மட்டும் இல்லாமலே அவன் புறப்படுகிறான். அவள் திரும்பி வந்தபோது வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

அன்றிரவே அவன் வாயிலில் வந்து நிற்கிறான். விமானத்தின் இயந்திரம் பழுதாகித் திரும்பிவிட்டதாம்; மறுநாட் காலையில் மீண்டும் பயணம். பசிக்கிறது என்கிறான். வேலைக்காரப் பெண் உறங்குகிறாள். அவளை எழுப்ப வேண்டாம் என இருவரும் தாமே அடுக்களைக்குச் செல்கின்றனர். தன் வீட்டில் சோற்றுப் பானை எங்கே, கிண்ணம் எங்கே என்று தயேக்கோவுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. இருட்டில் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கின்றனர். உப்பிட்ட தவிட்டிலே காய்கறிகளைப் புதைத்து ஊறுகாய் போடுவது யப்பானிய வீடுகளின் வழக்கம். அத்தவிட்டின் வாடை கையை எளிதில் விட்டகலாது. நாகரிகம் மிக்க தயேக்கோ அதனுள் கைவிட்டுத் துழாவுகிறாள். அவள் கிமோனோவின் கை நனையாமல் மொகிச்சி பிடித்துக்கொள்கிறான். பின்பு அவள் தன் விரல்களை முகர்ந்து பார்க்கிறாள், அவனும் முகர்கிறான். எத்தனையோ படங்களில் கட்டித் தழுவுதலைக் கண்டிருக்கிறேன். எதுவும் அந்த முகர்தலுக்கு ஈடாகவில்லை.

பிறகு இருவரும் அமர்ந்து சோற்றிலே தேநீரை ஊற்றி உண்கின்றனர். சூப்பை ஊற்றியதற்காகச் சீறியவள், அவனைப் போலவே உண்டு, கண்ணீருடன் மன்னிப்புக் கேட்கிறாள்.

மனைவி மட்டும் மன்னிப்புக் கேட்பது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. மனத்திலுள்ளதை ஆண்டுக்கணக்காகச் சொல்லாமல் விட்ட மொகிச்சியின் மௌனமும் குற்றமன்றோ? ஓஸு இறுதிவரை மணஞ்செய்யாமல் தாயுடன் வாழ்ந்தவர். 1963ஆம் ஆண்டு தமது அறுபதாவது பிறந்த நாளன்றே காலமானார். கணவன்மாரிடம் அவர் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டார் போலும்!

இக்கதைக்கு முன்கதையும் உண்டு. சீனப் போர்க்களத்திலிருந்து 1939இல் திரும்பிய ஓஸு, இதனை முதலில் போருக்குப் புறப்படும் கணவனின் கதையாகவே அமைத்தார். தணிக்கையாளர் இணங்கவில்லை. போருக்குச் செல்பவன் சிவப்புப் பயறு சேர்ந்த மங்கலச் செஞ்சோறு உண்ண வேண்டுமேயன்றித் தேநீர்ச் சோறு உண்பதா என்பது அவர்களது ஆட்சேபம். செஞ்சோற்றுக் கடனைப் பற்றி நாமும் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் மனைவியோடு உண்ணும் கடைசிக் கிண்ணத்துக்கும் அரசு பட்டியலிடுவதை இங்கேதான் கண்டேன். கதையை ஓஸு கட்டிவைத்துவிட்டார். போர் முடிந்தபின், கோகோ நோதா என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து அதனைத் திருத்தியமைத்தபோது, போர்க்களம் உருகுவே ஆயிற்று. தேநீர்ச் சோறு மட்டும் மாறவில்லை.

மறுநாள் மொகிச்சி விமானமேறிச் செல்கிறான். தயேக்கோ தோழியரைக் கண்டு, முன்னிரவில் அடுக்களையில் நடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறாள்.