தூக்கில் போடத்தான் வேண்டுமா, ராத்தா?

2015ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கொட்டதெனியாவையில் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னஞ்சிறுமியை இரவோடிரவாகத் தூக்கிச் சென்று கொலை செய்திருந்தார்கள். நாடே கொதித்தது. தெருவிலும் பாராளுமன்றத்திலும் ஒரே பேச்சுத்தான். தூக்குத் தண்டனையை மீண்டும் நிறைவேற்ற வேண்டும்.

எங்கள் அடுத்த வீட்டு ராத்தாவும் அதையே சொன்னார். அஸர் தொழுகைக்குப் பின் பின்வேலியருகே வந்து நின்று நாலு கதை கதைத்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். அன்று அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

“இவனுகளயெல்லாம் நடுச்சந்தியில தூக்கில போடணும் புள்ள. வழக்கு எதுக்கு?”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. படித்த படிப்பையெல்லாம் கொட்டினேன். நம் நாட்டில் 1976 ஜூனுக்குப் பிறகு எவருமே தூக்கிலிடப்படவில்லை என்றேன். பண்டாரநாயக்காவின் ஆட்சியில் மரண தண்டனை இடைநிறுத்தப்பட்டதையும், நோர்வல் மொரிஸ் தலைமையிலான ஆணைக்குழு 1959இல் அது வேண்டாமென்றே அறிக்கை கொடுத்ததையும், அதே ஆண்டில் பண்டாரநாயக்கா சுடப்பட்டதும் மக்களின் கோபத்தில் அது திரும்பி வந்ததையும் சொன்னேன். ஒன்று விடாமல், ஆண்டு தவறாமல்.

ராத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “நீங்க படிச்சவங்க. எனக்கு ஆண்டுக் கணக்குத் தெரியா. உங்கட புள்ளயக் கொண்டுபோயிருந்தா இப்படிக் கதைப்பீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு கிழமை வேலிப் பக்கம் வரவேயில்லை. பதினைந்து வருடப் பழக்கம், என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட நின்றவர். அந்த இரண்டு கிழமையும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் கொட்டதெனியாவை வழக்கு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. முதலில் கைதானவர்களுள் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இருந்தான். மரபணுப் பரிசோதனை பொருந்தவில்லை, விடுவித்தார்கள். அடுத்து இன்னொருவர் பிடிபட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனுடையது. 2016இல் மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரனுக்கு மரண தண்டனை விதித்தது. வழக்கு வேண்டாம், நடுச்சந்தியில் தூக்குங்கள் என்று நாம் சொன்ன அந்த முதற் கிழமையில், கையில் அகப்பட்டிருந்தவன் அந்த மாணவன்தான்.

அவன் விடுதலையான செய்தி வந்த அன்று நானே ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். வாதாடப் போகவில்லை. “பார்த்தீங்களா, நான் சொன்னது சரி” என்று சொல்லியிருந்தால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடியிருக்கும். தேத்தண்ணி குடித்தோம். “ராத்தா, அண்டைக்கு ஏன் அவ்வளவு அழுதீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். அவருக்குக் கல்யாணம் முடிந்த புதிதில், அவருடைய குடும்பத்துச் சிறுமி ஒருத்திக்கு ஒருவன் அநியாயம் செய்திருக்கிறான். மானம் போய்விடும் என்று வீட்டார் மூடி மறைத்துவிட்டார்கள். பொலிஸுக்குப் போகவில்லை, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தச் சிறுமிக்கு நியாயமென்று ஒன்று கிடைக்கவேயில்லை. முப்பது வருடமாக நெஞ்சில் கிடந்த அந்தக் கோபத்துக்கு நான் மொரிஸ் ஆணைக்குழுவைப் பதிலாகச் சொல்லியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

பிறகு ராத்தாவே கேட்டார்: “மார்க்கத்திலயும் கிஸாஸ் இரிக்கிதானே?”

இருக்கிறது. ஆனால் கிஸாஸைச் சொல்லும் அல்பகராவின் 178ஆம் வசனம், அதே மூச்சில் மன்னிப்பையும் சொல்கிறது. மன்னிக்கும் உரிமை கொலையுண்டவரின் உறவினருக்கு உண்டு. அந்த இடத்தில் அவர் ‘சகோதரர்’ என்றே குறிக்கப்படுகிறார். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. “றிஸானாவுக்காக நீங்க நோன்பு பிடிச்சீங்களே, ஞாபகமா?” என்றேன்.

மூதூர் றிஸானா நபீக்கை அறியாத முஸ்லிம் வீடு இந்நாட்டில் உண்டா? கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் பதினேழு வயதில் சவூதிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. 2005இல் அவருடைய பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதன் பிறகு அந்தக் குழந்தையின் பெற்றோர் வாயிலிருந்து மன்னித்தோம் என்ற ஒரு சொல் வந்துவிடாதா என்றுதான் எத்தனையோ பேர் கையேந்தினோம். வரவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேறியது.

ராத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் புள்ளையிட உம்மா மன்னிக்கல்ல எண்டு நான் எவ்வளவு ஏசினேன் தெரியுமா? இப்ப யோசிச்சா, நானும் அவட எடத்தில இரிந்தா...” என்று பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பாதி வசனத்தை நான் முடித்துவைக்க முயலவில்லை.

பிற்பாடு ஒரு ஆய்வைப் பற்றி வாசித்தபோது எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வந்தது. புரூக்மன், கல்லா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டது. மயாமி நகரில் வீடு வீடாகப் போய், திருநங்கையர் மீதான வெறுப்பைப் பற்றிப் பத்து நிமிடமளவில் கதைத்திருக்கிறார்கள். குறை சொல்வதில்லை, புள்ளிவிவரம் அடுக்குவதில்லை. பிறர் உங்களை வேறாகப் பார்த்து ஒதுக்கியது எப்போது என்று கேட்டு, வீட்டாரின் கதையைக் கேட்டுக்கொள்வதுதான் வேலை. அதனால் வந்த மனமாற்றம் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் நீடித்ததாம். அந்நகர் இருக்கும் புளோரிடா மாநிலத்திலேயே, 2018 நவம்பரில், குற்றத் தண்டனை அனுபவித்து முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பிக் கொடுப்பதா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள். கொலை, பாலியல் குற்றவாளிகளுக்கு அது பொருந்தாது. இயக்கத்தை நடத்திய டெஸ்மன்ட் மீட் தாமே சிறையிலிருந்து வந்தவர். கட்சிக் கதையை விட்டுவிட்டு, தவறு செய்த, ஆனாலும் நீங்கள் நேசிக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள் என்பதே அவருடைய பேச்சாக இருந்தது. 60 வீதம் தேவைப்பட்டது, 64 வீதத்துக்கு மேல் கிடைத்தது. அடுத்த வருடமே சட்டமன்றம், முதலில் தண்டப்பணத்தையும் கட்டணங்களையும் கட்டி முடி என்று ஒரு பூட்டைப் போட்டது வேறு கதை. தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போகிறவர்கள் நம் நாட்டிலும் ஏராளம். அவர்களைப் பற்றி நாம் கதைப்பதேயில்லை.

இனி 2019. ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம் வீடுகள் பட்ட பாட்டை நான் எழுதத் தேவையில்லை. சட்டையிலிருந்த கப்பற் சுக்கானின் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி, ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தார்களே, அந்த மே மாதத்தில் ராத்தாவின் தம்பி மகனையும் விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். வீட்டிலிருந்த ஓர் அரபுக் கிதாபுதான் காரணம். மூன்றாம் நாள் விட்டார்கள். அந்த மூன்று நாளும் தெருவில் சிலர் “நெருப்பில்லாமல் புகையுமா?” என்று கதைத்தது ராத்தாவின் காதிலும் விழுந்தது.

அந்த வருடத் தொடக்கத்திலேயே அலுகோசு பதவிக்கு விளம்பரம் வந்திருந்தது. நல்லொழுக்கமும் மனவுறுதியும் வேண்டுமாம். இரண்டு இடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஜூன் 26ஆம் திகதி, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனைக்குக் கையொப்பமிட்டுவிட்டதாக ஜனாதிபதி சிறிசேன அறிவித்தார்.

அன்று அஸருக்குப் பின் ராத்தா வேலியருகே வந்தார். நான் வாய் திறக்கவில்லை. அவரே தொடங்கினார்.

“பவுடர் வித்து எத்தின குடும்பத்த அழிச்சிருப்பானுகள். நல்லவனுகள் எண்டு நான் செல்ல மாட்டன். ஆனா பிடிச்சது சரியான ஆக்களத்தானா எண்டு ஆரு பாத்த? தூக்கினா, பிறகு எறக்கி உசிர் குடுக்க ஏலுமா?”

ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதை நான் ராத்தாவுக்குச் சொன்னபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். உடனேயே, “ஆனா குழந்தையக் கொல்றவன மட்டும் விடேலா, அதில நான் மாற மாட்டன்” என்றும் சொன்னார். சரி ராத்தா, என்றேன்.

கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

“கொட்டதெனியாவையில முதல்ல பிடிச்சாங்களே, ஒரு ஸ்கூல் பொடியன். அவனுக்கு இப்ப இருபத்தொரு வயசிரிக்கும் என்ன? அவண்ட உம்மா அந்தக் கிழமையில என்ன பாடு பட்டிருப்பா?”