'கீ' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலத்திலே 'கீ' என ஒலிக்கும் சொற்கள் மூன்று உள. ஒலி ஒன்றாயினும் அவை பிறந்த இடம் வேறு வேறாம். இதனை அறியாத மாணாக்கர் மொழிபெயர்ப்பிலே கப்பலைக் கொண்டுபோய்த் திறப்பிலே கட்டிவிடுதலும் உண்டு.

முதலாவது, பூட்டைத் திறப்பது. பழைய ஆங்கிலத்திலேயே உள்ள சொல். யாழ்ப்பாணத்தார் இதனைத் திறப்பு என்பர். தமிழகத்தார் சாவி என்பர். சாவி போர்த்துக்கேயச் சொல்லாம். 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்து, கதிரை, அலுமாரி, சப்பாத்து என்பவற்றையெல்லாம் அவர் மொழியினின்றும் பெற்றுக்கொண்ட நாம், திறப்பை மாத்திரம் கைவிடாதது வியப்பே. பியானோவின் கட்டை, தேசப்படத்தின் குறிவிளக்கம், கணக்கு நூலின் விடைத்தொகுதி ஆகியவற்றிற்கும் இச்சொல்லே வழங்கும். பெயரடையாய் வருமிடத்து 'முதன்மையான' என்பதே பொருள். அங்கே 'திறவுகோல்' என்றெழுதுதல் தமிழாகாது.

இரண்டாவது, கடலிலே தாழ்ந்து கிடக்கும் சிறு தீவு. அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரத் தீவுகளுக்கு இப்பெயர் உண்டு. நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளைக் கண்டவர்க்கு அத்தகைய நிலம் எளிதில் விளங்கும். இது 'காயோ' என்னும் ஸ்பானியச் சொல்லின் திரிபு. 'எலும்புத் தீவு' எனப் பொருள்பட ஸ்பானியர் 'காயோ உவேசோ' என்றதை ஆங்கிலேயர் 'கீ வெஸ்ட்' ஆக்கினர். எலும்பு மேற்குத் திசையாயிற்று!

மூன்றாவதே தீவகத்தார்க்கு நெருங்கிய சொல். கப்பல் அணைந்து பண்டம் ஏற்றி இறக்கும் துறைமேடை என்பது பொருள். கியூ, யூ, ஏ, வை என்றெழுதிக் 'கீ' என ஒலிப்பர். முன்னர் ஒலித்தவாறே கே, ஈ, வை என எழுதினர். பின்னர்ப் பிரெஞ்சு வழக்கைப் பின்பற்றி எழுத்தை மாற்றியவர்கள் ஒலியை மாற்றினாரல்லர். இதன் உடன்பிறப்பாகிய போர்த்துக்கேயச் சொல் 'காய்ஸ்'. யானைகளைக் கப்பலேற்றிய நம் துறையை 'யானைத் துறை' எனப் பொருள்பட அவர்கள் தம் மொழியில் அழைத்தனர். யானை கழிந்து, துறை மாத்திரம் எஞ்சியதே 'கயிற்ஸ்'.

ஊர்காவற்றுறை என்னும் நம் பெயரே எழுதத்தக்கது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் கயிற்ஸ் என்பதைப் பொருளற்ற சிதைவென்று தள்ளுதல் நேர்மையன்று. இரு பெயரினுள்ளும் நிற்பது துறையே. இக்காலத்தில் 'காவற்றுறை' என்றவுடன் பொலிசாரே நினைவுக்கு வருவர். ஊர்ப் பெயரிலுள்ள துறையோ தோணியும் கப்பலும் அணைந்த துறை.